அறுபத்தொன்றாம் பக்கம்

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தேடுதல் அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருப்பது புருஷனுடைய தொப்பியோ மூக்குக் கண்ணாடியோ என்று தையல்காரிக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் சுண்டுவிரல் நீளத்தில் நான்கு காகிதச் சுருள்கள். போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் ரொம்ப நேரம் தங்கவில்லை.

"அறுபத்தொண்ணாம் பக்கத்துல இருக்கிறது மொத்தமே நாலு டப்பாதாம்மா. நாலையும் கண்டுபிடிச்சுட்டோம். ஒண்ணுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு," என்றார் அதிகாரி.

"அப்போ வந்திருக்காரு!" நாற்காலி பின்னால் சாய, அவள் எழுந்தே விட்டாள்.

"தேதியைப் பாருங்க."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுருளை விரித்தாள். 'மேலும் கீழும்' என்று அவருடைய கோணல் எழுத்து. அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷமாக மேலேயும் கீழேயும் போய் வருவதே பிழைப்பு என்பதால் விளையாட்டில் அப்படி ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்களிடம் கேட்டால் அரை நாள் சொல்வார்கள். ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் எங்கேயாவது பாறை இடுக்கிலோ பாலத்தடியிலோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கையில் ஜிபிஎஸ் கருவியோடு அலைந்து திரிந்து கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். எடுத்துக்கொண்டு வருவதற்கு ஒன்றும் கிடையாது. "இதுக்கு வீட்ல காணாமப்போன கத்தரிக்கோலைத் தேடிக் கொடுத்தா எனக்காவது உபயோகம்" என்று தையல்காரி சொல்லாத நாள் இல்லை.

டப்பா தேடுவதே பைத்தியம் என்றால், பைத்தியத்துக்குள் பைத்தியம் ஒன்றும் உண்டு. அதற்குச் சவால் என்று பெயர். அவர்கள் வட்டாரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஒருவர் அப்படி ஒரு சவாலைப் போட்டிருந்தார். மாகாணம் முழுக்கச் சாலைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் வரைபடப் புத்தகம் ஒன்று இருக்கிறது அல்லவா, ஸ்பைரல் கம்பி போட்டது, லாரி ஓட்டுபவர்கள் வைத்திருப்பார்களே, அதில் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அடங்கும் நிலத்தில் ஒரு டப்பாவாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விடக்கூடாது. எல்லாம் முடித்தவருக்குத்தான் கண்ணாடிக்காரர் வைத்திருக்கும் கடைசி டப்பாவில் பெயர் எழுத உரிமை. ஐந்து வருஷத்தில் இரண்டே பேர்தான் எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை விடியும்போது அவர் பையை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கம் வந்து, "இன்னிக்கு அறுபத்தொண்ணாம் பக்கம். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்," என்றார். அவள் கண்ணைத் திறக்காமலே, "வராட்டி என்ன, அந்த டப்பாவுக்குள்ளயே குடித்தனம் பண்ணுங்க," என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இதைவிட மோசமாகவெல்லாம் பேசியிருக்கிறாள், அவரும் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். அன்றும் சிரித்தார். அவர் வரவில்லை. கடைசியாக அவருடைய போன் உயிரோடு இருந்தது நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில். அதற்கப்புறம் சாலை இரண்டாகப் பிரிகிறது, நடுவில் ஒரு மலைமுகடு, இரண்டு பக்கமும் சிக்னல் கிடையாது.

அவள் போலீஸுக்குப் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. போகிற வழியில் அவர் வைத்திருப்பது போலவே பச்சை அட்டை போட்ட வரைபடப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி, இங்கே என்று விரலை வைத்தாள். முகட்டுக்கு இந்தப் பக்கம், ஏரியும் காடும். ஞாயிறு விடிந்ததும் அறுபது பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். ஹெலிகாப்டர் ஒன்று வந்து நாள் முழுக்கச் சுற்றியது. காட்டுக்கு வாசலில் உள்ள சோதனைச்சாவடி அறைதான் முகாம். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் ஒரு பெரிய படம், வயர் போட்ட போன் ஒன்று. அந்த அறையில் அவள் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது அதிகாரி கேட்டார். "ஒரு பக்கத்துக்கு ஒரு டப்பா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிச்ச பக்கத்துக்கு மனுஷன் எதுக்கும்மா திரும்பி வரணும்?"

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. தூங்காத கண், முழங்கால் வரைக்கும் சேறு. ஞாயிறு மதியமே அவர் சொன்னார்: "இந்தப் பக்கம் அவரோட கார்கூடக் கண்ணுல படலை. எனக்கு என்னமோ சரியாப் படலை. பாதிப் பேரை முகட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிப் பார்க்கலாமா?" தையல்காரிதான் விடவில்லை. மேசையில் பச்சைப் புத்தகத்தை ஓங்கி அடித்தாள். "அவர் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினாக்கூட எந்த ஓட்டைன்னு எழுதி வைக்கிற ஆளு. அறுபத்தொண்ணுன்னு சொன்னா அறுபத்தொண்ணுதான். இருக்கிற ஆளையும் பிரிச்சு அனுப்பிட்டு இங்க அவர் செத்துப்போனா நீங்க பதில் சொல்வீங்களா?" என்று அழுதாள், கத்தினாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி விட்டுவிட்டார். பெண்டாட்டிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்.

அவள் சுருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு, "ஒரு போன் பண்ணிக்கிறேன்," என்றாள்.

கண்ணாடிக்காரரைத்தான் கூப்பிட்டாள். அந்த ஆளை அவளுக்குப் பிடிக்காது. படிக்கிற கண்ணாடி வாங்கப் போனபோது, ஊசியில் நூல் கோக்கும் தூரம் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து மூன்று தடவை அளந்து அவள் பொறுமையைச் சோதித்தவர். ஆனால் சவால் அவருடையது. பக்கம் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

மணி அடித்து அடித்து ஓய்கிற நேரத்தில் எடுத்தார். தான் யார் என்று சொன்னாள், சனிக்கிழமை போன வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை என்றாள்.

"அறுபத்தொண்ணாம் பக்கம்னு சொல்லிட்டுப் போனாருண்ணா. நாங்களும் ரெண்டு நாளா ஏரிக்காடு பூராவும் தேடிட்டோம்."

"ஏரிக்காடா?" என்றார் கண்ணாடிக்காரர். "எந்தப் பதிப்பைப் பார்த்துத் தேடுறீங்க?"

"என்னது?"

"புத்தகம்மா, புத்தகம். அட்டை என்ன நிறம்?"

"பச்சை."

"அய்யய்யோ," என்றார் அவர். "அது நாலாம் பதிப்பு. சவால் ரெண்டாம் பதிப்புக்கு. சிவப்பு அட்டை."

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புத்தகம் என்றால் புத்தகம், ஊர் என்றால் ஊர், ஊர் என்ன இடம் மாறியா போகும்? கண்ணாடிக்காரர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். சிவப்பில் நூற்று நாலு பக்கம், பச்சையில் தொண்ணூற்றாறு. நாலாம் பதிப்பில் கட்டத்தின் அளவையே மாற்றிவிட்டார்கள். பச்சையில் அறுபத்தொன்று முகட்டுக்கு இந்தப் பக்கம். சிவப்பில் அறுபத்தொன்று முகட்டுக்கு அந்தப் பக்கம், பழைய கல்குவாரிகள் இருக்கும் இடம்.

"அவர்கிட்டே இருக்கிறது பச்சைதானே? அதைத்தானே இத்தனை வருஷமாத் தூக்கிட்டுத் திரியுறாரு?"

"போன வருஷம் எல்லாப் பக்கத்தையும் முடிச்சிட்டேன்னு பட்டியலோட வந்தாரு தங்கச்சி. முகமெல்லாம் பல்லு. நான் சிவப்பை எடுத்து வச்சு ஒவ்வொண்ணாச் சரிபார்த்தேன். பதினோரு பக்கம் காலி. பச்சைக் கணக்குல தேடினதால அந்தப் பதினோரு கட்டத்துக்குள்ள ஒரு டப்பாகூட விழலை. நான் செல்லாதுன்னுட்டேன்."

"செல்லாதுன்னுட்டீங்களா?"

"விதியில போட்டிருக்கும்மா, ரெண்டாம் பதிப்புன்னு. அவரும் ஒண்ணும் சொல்லலை. என் புத்தகத்துல இருந்து அந்தப் பதினோரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டாரு. போகும்போது ஒண்ணு மட்டும் கேட்டாரு." கண்ணாடிக்காரர் நிறுத்தினார். "இந்தப் பச்சைப் புத்தகம் என் வீட்டுக்காரி ஆசையா வாங்கிக் கொடுத்தது, இது செல்லாதுங்கிற விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம்னாரு."

தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்தச் சிவப்புப் புத்தகத்தை அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அட்டை பிய்ந்து, ஸ்பைரல் கம்பி பிதுங்கிக்கொண்டு, தையல் மேசைமேல் கிடந்து ஒரு வாடிக்கைக்காரியின் மெல்லிய மேல்துணியில் நூலை இழுத்துவிட்டது. அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டாள். அடுத்த வாரம் அவர் பிறந்தநாள். கடையில் போய், புதுசாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டு, பச்சையை வாங்கி வந்து, முதல் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு," என்றார். பாவி மனுஷன், அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். பெண்டாட்டி மனசு நோகக்கூடாது என்று செல்லாத புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தொண்ணூற்றாறு பக்கம் அலைந்திருக்கிறார். பதிப்பு மாறினால் என்ன, கண்ணாடிக்காரர் கொஞ்சம் கண்டும் காணாமல் விடுவார் என்று நம்பியிருப்பார். அது முடியாமல் போனதும், அவளுக்குத் தெரியாமல் சட்டைப்பையில் ஜெராக்ஸை மடித்து வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகப் பதினோரு பக்கம் அலைந்திருக்கிறார்.

"ஒரு டப்பா விளையாட்டுக்கு இவ்வளவு கறாராய்யா?" என்று போனில் கத்தினாள். "பதினோரு பக்கத்தை விட்டுக் கொடுத்திருந்தா உலகம் கவுந்திருக்குமா?"

கண்ணாடிக்காரர் வாதாடவில்லை. "கவுந்திருக்காதும்மா," என்றார். குரல் உடைந்திருந்தது.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் வாயால் கெட்டது அவள் மட்டும் இல்லை. நேற்று மதியம் அதிகாரி அந்தப் பக்கம் போகலாமா என்று கேட்டபோது மேசையை அடித்து வேண்டாம் என்றது இதே கைதான்.

அவள் அதிகாரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே கேட்பதற்கு எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நேத்து நான் சொன்னப்போ ஒத்துக்கலை. இங்கதான், இங்கதான்னு அழுதீங்க. இன்னிக்கு அங்கேன்னு சொல்றீங்க. நாளைக்கு இன்னொரு கலர் அட்டை வந்தா?"

"நேத்து நான் சொன்னது தப்பு. என்னைச் செருப்பால அடிங்க, ஆனா அந்தப் பக்கம் ஆளை அனுப்புங்க."

"அம்மா, சாயங்காலம் நாலு மணிக்கு மேல மேகம் இறங்குது. ஹெலிகாப்டர் இன்னும் ரெண்டு மணி நேரம்தான் பறக்க முடியும். இங்க இன்னும் ஏரிக்கரையோட மேற்குப் பாதி பாக்கி. ஒரு ஆளோட போன் பேச்சை நம்பி இதை விட்டுட்டுப் போய், அவர் மேற்குக் கரையில கிடந்தா?" அவர் கேட்டது நியாயம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நேற்று அவள் பேசிய பேச்சையே அவர் இன்று திருப்பிப் பேசுகிறார்.

கண்ணாடிக்காரர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தார். சாவடியில் வந்துபோன கொஞ்சம் சிக்னலுக்கு அதிகாரியின் கைபேசியில் படம் இறங்கவில்லை. பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. தையல்காரி போனை அதிகாரியின் காதில் திணித்தாள். "அண்ணா, அந்தப் பக்கத்தோட நாலு மூலையையும் எண்ணா வாசிங்க. இவர் எழுதிக்குவாரு."

அந்த மனுஷனுடைய கறார் அப்போதுதான் ஒரு உயிருக்குப் பயன்பட்டது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, டிகிரி, நிமிஷம், நொடி என்று ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை வாசித்தார். அதிகாரி திருப்பிச் சொன்னதில் ஒரு எண் மாறியபோது, "இல்ல, ஏழு, ஏழு" என்று அவர் அலறியது மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்கே கேட்டது. அதிகாரி சுவரிலிருந்த படத்தில் நாலு புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். இரண்டு நாளாகத் தேடிய இடம் நீலக் கட்டம். இப்போது போட்டது சிவப்புக் கட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. எங்கேயும் ஒட்டவில்லை.

அதிகாரி அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பக்கத்துல டப்பா எத்தனை?" என்று போனில் கேட்டார்.

மூன்று. இரண்டு டப்பா பழைய பாலத்தடியில், ஆற்றைக் கடந்து போக வேண்டும். மூன்றாவது குவாரி மேட்டில்.

"இவர் எதுக்குப் போயிருப்பாரு?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். பதில் தையல்காரியிடம் இருந்தது. "அவருக்கு முழங்கால் வலி. ஆத்துல இறங்கமாட்டாரு. கார் எதுவரைக்கும் போகுமோ அதுக்குத்தான் போவாரு. எதுக்குங்க கார் போகும்?"

"சிவப்புப் புத்தகத்துல குவாரி மேடு வரைக்கும் ரோடு போட்டிருக்கு," என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு, "ஆனா அந்த ரோடு இப்போ இல்லை. அதையும் சேர்த்துக் கல் வெட்டி எடுத்துட்டாங்க. பச்சையில அது இல்லை," என்றார்.

அதிகாரி வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார்.

பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு போக ஜீப்புக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவளை வர வேண்டாம் என்றார்கள். அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள், இறக்கிவிட யாருக்கும் தைரியம் வரவில்லை. வழியெல்லாம் அவளுக்கு ஒரே கணக்கு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழுந்திருந்தால் இத்தனை மணி நேரம். பத்து மணிக்கு என்றால் இத்தனை. பையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட். மனசு ஒரு பக்கம் இருப்பார் என்றது, இன்னொரு பக்கம் அவருடைய நல்ல சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசித்தது. அப்படி யோசித்ததற்காகத் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

சாலை தார் போய்க் கப்பியாகி, கப்பி போய்ப் புழுதியாயிற்று. ஒரு வளைவு தாண்டியதும் கார் நின்றிருந்தது. கூரையெல்லாம் கல்தூள் படிந்து, சாம்பலில் புரண்ட பூனை மாதிரி. உள்ளே யாரும் இல்லை. முன்சீட்டில் அவள் வாங்கிக் கொடுத்த பச்சைப் புத்தகம் கிடந்தது. செல்லாது என்று தெரிந்தும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் ஜன்னலில் கையை வைத்து அழுதாள். அதிகாரி அவளைத் தாண்டி ஓடினார்.

காருக்கு முன்னால் இருபதடியில் சாலை முடிந்துவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டியது போல நேராக ஒரு பள்ளம், நாலு ஆள் உயரம். விளிம்பில் மண் சரிந்திருந்த தடம். ஹெலிகாப்டர் மேலே வந்ததும் ஒருவர் பேச்சும் ஒருவருக்குக் கேட்கவில்லை. அதிகாரி கையை ஆட்டி அதைத் தள்ளிப் போகச் சொன்னார். சத்தம் அடங்கியதும் தையல்காரி பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "என்னங்க!" என்றுதான் கூப்பிட்டாள். அத்தனை பேர் நடுவில், முகடு எதிரொலிக்க, "என்னங்க! என்னங்க!"

கீழே கற்குவியலுக்குள்ளிருந்து, கல்லில் கல்லால் தட்டும் சத்தம் வந்தது. இரண்டு தட்டு. நிறுத்தி, இன்னும் இரண்டு.

கயிற்றில் இறங்கினார்கள். இடது காலின்மேல் ஒரு பாறை. பாட்டில் காலி. ஞாயிறு காலைத் தூறலில் சட்டையை நனைத்துப் பிழிந்து குடித்திருக்கிறார். உதடெல்லாம் வெடித்திருந்தது. பாறையை நகர்த்தி ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே தூக்குவதற்குள் மணி நாலாகி மேகம் இறங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் என்னவோ சொன்னார், யாருக்கும் விளங்கவில்லை. அவள், "பேசாதீங்க, பேசாதீங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் தலைமயிரிலிருந்து கல்தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டார். இளம் பெண். நல்ல மாதிரி, நேராகச் சொல்லிவிட்டாள். உயிருக்கு இனிப் பயமில்லை. காலைத்தான் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"காப்பாத்தியிருக்க முடியாதா டாக்டர்?"

"ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்திருந்தாக்கூட. நீங்க என்னம்மா பண்ணுவீங்க, கிடைச்சதே பெரிசு," என்றாள் டாக்டர். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

லிஃப்ட் குழிக்குள் ஏணியில் ஏறி இறங்கிப் பிழைத்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசை. பச்சைப் புத்தகம். அவள் கை.

அவர் மதியத்துக்கு மேல் கண் விழித்தார். மருந்து மயக்கத்தில் நாக்கு குழறினாலும் பேச வேண்டும் என்று துடித்தார். கால் மரத்துப்போயிருக்கிறது என்றார். அவள் தலையாட்டினாள். போர்வை இடது பக்கம் தட்டையாகக் கிடந்ததை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு," என்றார். "முகட்டுக்கு அந்தப் பக்கம். காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

அவள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத்தான் வந்திருக்கோன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். நமக்கு வந்தா இங்கல்ல வரணும், அங்க எதுக்குப் போகுது? வேற யாரோ காட்டுல காணாமப் போயிட்டாங்க போல. பாவமா இருந்துச்சும்மா. எனக்காவது இடம் சொல்லிட்டு வந்தோம்னு ஒரு தெம்பு. அந்தக் குடும்பம் என்ன பாடுபடுதோன்னு நெனச்சுக்கிட்டே கிடந்தேன். அந்த ஆளாவது கெடைக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்." மூச்சு வாங்கியது. "அந்த ஆள் கெடச்சாரா?"

"கெடச்சுட்டாரு," என்றாள். "லேட்டாத்தான் கெடச்சாரு. அவர் பெண்டாட்டி இடத்தைத் தப்பாச் சொல்லிட்டா. அதிகாரி அப்பவே வேற பக்கம் பார்க்கலாம்னு கேட்டிருக்காரு, அவதான் விடமாட்டேன்னு அடம்பிடிச்சிருக்கா."

அவர் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "பாவம், பதட்டத்துல அவ என்ன பண்ணுவா," என்றார். பிறகு, "யாராவது அவளைத் திட்டினாங்களா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க," என்றாள் தையல்காரி.